புத்தகம் சொல்லும் ஒரு கப், எந்தக் கப்?

புதிதாக வாங்கிய பேக்கிங் புத்தகத்தைப் பார்த்து வீட்டில் செய்துபார்ப்பவர்களின் கேள்விகள் இந்த இதழில். வந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க, ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் புத்தகங்களைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் பார்த்து வெனிலா கேக் செய்தேன். கடையில் வாங்கிய கப் செட்டில்தான் அளந்தேன். மேலே வெடித்துவிட்டது; வெட்டினால் உதிர்கிறது. எங்கே தவறு?
– வாசகி, கோவை

மைதா கூடியிருக்கும். அந்தக் காலத்தில் பட்டணம் படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் மாறியதே, அதே கதைதான் கப்புக்கும். அமெரிக்கக் கப் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. ஆனால் இந்த 10 மி.லி.யை விட, மாவை எப்படி அள்ளுகிறீர்கள் என்பதுதான் கேக்கை மாற்றுகிறது. டப்பாவுக்குள் கப்பை நுழைத்து அமுக்கி அள்ளினால் ஒரு கப் மைதா 145 முதல் 150 கிராம் வரை வரும். கரண்டியால் தளர்வாகப் போட்டு, கத்தியால் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம். இரண்டரை கப் மைதா கேட்கும் கேக்கில் 60 கிராம் கூடிவிடும். அரை கப் மாவைக் கூடுதலாகக் கொட்டியதற்குச் சமம் அது. காய்ந்து வெடிக்காமல் என்ன செய்யும்?

கப் செட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கிராம் வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். புத்தகத்தில் கிராம் கொடுத்திருந்தால் கப்பைப் பார்க்கவே வேண்டாம். கப் மட்டும்தான் கொடுத்திருக்கிறது என்றால் மைதா 125 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 227 கிராம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புத்தகத்தில் ‘ஒரு ஸ்டிக்’ வெண்ணெய் என்றால் 113 கிராம். நம் சர்க்கரை அவர்களுடையதை விடப் பருமன் என்பதால் மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுக்கொள்வது நல்லது. ஆனால் எடை போட்ட பிறகு அரையுங்கள். அரைத்த சர்க்கரையைக் கப்பால் அளந்தால் 120 கிராம்தான் நிற்கும், இனிப்பு குறைந்துபோகும்.

முட்டையையும் கவனியுங்கள். அவர்கள் ‘லார்ஜ்’ என்று எழுதுவது ஓடு நீக்கி 50 கிராம். நம் கடை முட்டை பெரும்பாலும் 43, 45 கிராம்தான் தேறும். நான்கு முட்டை கேக்கில் 20 கிராமுக்கு மேல் ஈரம் குறைகிறது. காய்ந்த கேக்குக்கு அதுவும் ஒரு காரணம். ஐந்தாவது முட்டையை உடைத்து அடித்து, மொத்தம் 200 கிராம் வரும் வரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். ஆஸ்திரேலியப் புத்தகத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் 20 மி.லி.; மற்ற இடங்களில் 15. அமெரிக்கப் புத்தகத்தில் ‘கோஷர் உப்பு’ என்றிருந்தால் அது பொருக்குப் பொருக்காக இருக்கும் லேசான உப்பு. அதே ஸ்பூனில் நம் தூள் உப்பைப் போட்டால் உப்பு இரண்டு மடங்குக்குப் போய்விடலாம். பாதி போட்டால் போதும்.

‘வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்’ என்கிறது புத்தகம். மூன்று மணி நேரம் வெளியே வைத்துத்தான் சர்க்கரையோடு அடித்தேன். கேக் எழும்பவில்லை, அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. பேக்கிங் பவுடர் புதியதுதான்.
– வாசகி, சென்னை

பேக்கிங் பவுடர் மீது பழி போடாதீர்கள். புத்தகம் சொல்லும் அறை, எழுதியவரின் ஊர் அறை. அங்கே அறை வெப்பநிலை என்றால் 18 முதல் 20 டிகிரி. சென்னையில் மே மாதத்து அடுக்களை 34 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் வெண்ணெய் இளகுவதில்லை, உருகவே தொடங்கிவிடும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிப்பது கலப்பதற்காக மட்டும் அல்ல. சர்க்கரைப் பருக்கைகள் வெண்ணெயைக் கீறி, அதற்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிய குமிழி எதையும் உருவாக்குவதில்லை. இருக்கும் குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. உருகிய வெண்ணெயில் காற்று தங்காது. ஊதுவதற்கு ஒன்றுமில்லாத கேக் எப்படி எழும்பும்?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி, 10 நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அமுக்கினால் பள்ளம் விழ வேண்டும். விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. அடிக்கும்போது கலவை மினுமினுக்கத் தொடங்கினால் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் 5 நிமிடம் வைத்து எடுத்து மறுபடி அடியுங்கள். பீட்டரில் நடுத்தர வேகத்தில் நான்கைந்து நிமிடத்தில் நிறம் வெளுத்து, பஞ்சு போல வரும்.

அடுத்து முட்டை. அதை 20 நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் போதும். சில்லென்ற முட்டையை மொத்தமாக ஊற்றினால் கலவை திரிந்துபோகும். ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். திரிந்துவிட்டால் எடுத்துவைத்த மைதாவிலிருந்து ஒரு ஸ்பூன் தூவி அடியுங்கள், சேர்ந்துகொள்ளும்.

புத்தகம் சொன்ன அரை ஸ்பூன் உப்புதான் போட்டேன். கேக் கரிக்கிறது.
– வாசகர், திருநெல்வேலி

நீங்கள் போட்டது மஞ்சள் நிற டேபிள் பட்டர். அதில் 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. 227 கிராம் வெண்ணெய் போட்டால் முக்கால் ஸ்பூன் உப்பு தானாகவே வந்துவிடும். அந்த வெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால் தனியே உப்பு சேர்க்கவே வேண்டாம். பட்டர் கிரீம் மட்டும் அதில் செய்யாதீர்கள். அதற்கு உப்பில்லாத வெண்ணெய்தான்.

புது ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) வாங்கினேன். 350 டிகிரி என்று புத்தகத்தில் இருக்கிறது. நம் ஓவனில் 250 வரைதான் எண்ணே உள்ளது. 180 வைத்தேன். மேலே கருகி, உள்ளே பச்சையாக இருந்தது.
– வாசகி, ஈரோடு

180 வைத்தது சரிதான். 350 என்பது ஃபாரன்ஹீட். 325 என்றால் 163, 375 என்றால் 190, 400 என்றால் 204, 425 என்றால் 218 டிகிரி செல்சியஸ். ஓவனில் மின்விசிறியை ஓட விட்டால் இவற்றில் 20 டிகிரியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேலே கருகுவதற்குக் காரணம், சிறிய ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி டின்னுக்கு மிக அருகில் இருப்பது. புத்தகக்காரரின் ஓவன் ஆள் குனிந்து பார்க்கும் அளவு. ‘நடுத் தட்டில் வை’ என்று அவர் எழுதுவதை 25 லிட்டர் பெட்டியில் அப்படியே செய்தால், எழும்பும் கேக் கம்பியை முட்டப் பார்க்கும். தட்டைக் கீழ்ப் பள்ளத்தில் பொருத்துங்கள். டின் வைக்கும் தட்டு அல்ல, டின்னில் இருக்கும் கேக்கின் நடுப்பகுதி ஓவனின் நடுவில் வர வேண்டும். டின்னின் விளிம்புக்கும் மேல் கம்பிக்கும் இடையே நான்கு விரல்கடைக்குக் குறையாமல் இடைவெளி இருக்கட்டும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு ஓவனைச் சூடேற்றுங்கள். கேக் உள்ளே போன பிறகும் நிறம் சீக்கிரம் ஏறினால், பாதி நேரம் கடந்தபின் அலுமினிய ஃபாயிலை மேலே தளர்வாகப் போர்த்துங்கள். அதற்கு முன்னால் கதவைத் திறந்தால் நடு அமுங்கிவிடும்.

ஓவனின் எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். விளக்கு அணைந்ததும் சூடேறிவிட்டது என்று நினைக்கிறோம். அது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் முதல்முறை மின்சாரத்தைத் துண்டித்ததற்கான அடையாளம்தான். அதற்குப் பிறகு இன்னும் 10 நிமிடம் விட்டால்தான் சுவர்களும் சூடாகி வெப்பம் நிலைப்படும். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் கேக் சாமான் கடைகளில் கிடைக்கும். அது இல்லையென்றால் சர்க்கரை வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். ஃபாயில் துண்டில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வைத்து, ஓவனை 175இல் 15 நிமிடம் வையுங்கள்; உருகக் கூடாது. 190க்கு ஏற்றி இன்னொரு 15 நிமிடம், உருக வேண்டும். 175இலேயே உருகினால் உங்கள் ஓவன் சொல்வதை விடச் சூடானது. அடுத்த முறை 160இல் வையுங்கள்.

புத்தகத்தில் 9 அங்குல டின். என்னிடம் 7 அங்குலம்தான். பொருள்களைப் பாதியாக்கலாமா?
– வாசகர், மதுரை

பாதி குறைவு, 60 சதவீதம் எடுங்கள். கணக்கு சுலபம். உங்கள் டின்னின் அகலத்தை அதாலேயே பெருக்குங்கள், 49. புத்தகத்தின் டின்னுக்கு 81. 49ஐ 81ஆல் வகுத்தால் 0.6. எல்லாப் பொருளையும் 0.6ஆல் பெருக்குங்கள். மூன்று முட்டைக்கு 150 கிராம் என்றால் 90 கிராம் வரும். நம் ஊர் முட்டை இரண்டு, அளந்து வைத்தது போல. 6 அங்குலத்துக்கு 0.44, 8 அங்குலத்துக்கு 0.79. 8 அங்குலச் சதுர டின் இருந்தால் கணக்கே வேண்டாம். 9 அங்குல வட்டத்தின் பரப்பும் அதன் பரப்பும் ஏறத்தாழ ஒன்று.

கலவை டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. புத்தகம் சொன்ன நேரத்துக்கு 7, 8 நிமிடம் முன்பே குச்சியால் குத்திப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் முட்டை இல்லை. புத்தகத்தில் எல்லாமே முட்டை. ஒவ்வொரு முட்டைக்கும் கால் கப் தயிர் போட்டால் போதும் என்கிறார்களே?
– வாசகி, திருச்சி

சில குறிப்புகளுக்குப் போதும், சிலவற்றுக்கு ஒருகாலும் போதாது. முதலில் முட்டைகளை எண்ணுங்கள். 225 கிராம் மாவுக்கு ஒன்று, இரண்டு முட்டை என்றால் மாற்றலாம். மஃபின், பிரவுனி, குக்கி, வாழைப்பழ கேக் எல்லாம் இந்த வகை. ஒரு முட்டைக்கு 60 கிராம் கெட்டித் தயிர். குக்கிக்குத் தயிரை விட ஆளிவிதை நல்லது: ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கலந்து 10 நிமிடம் வைத்தால் கொழகொழவென்று வரும், அது ஒரு முட்டைக்கு ஈடு.

நான்கு, ஐந்து முட்டையை நுரைக்க அடிக்கச் சொல்லும் ஸ்பாஞ்ச், ஷிஃபான் பக்கங்களைத் திருப்பிவிடுங்கள். அங்கே கேக்கைத் தூக்கி நிறுத்துவதே முட்டை நுரைதான். அதை எடுத்துவிட்டுத் தயிர் ஊற்றினால் களிதான் மிஞ்சும். முட்டையில்லாத ஸ்பாஞ்ச் வேண்டுமென்றால் முதலிலிருந்தே முட்டையில்லாமல் திட்டமிட்ட குறிப்பைத்தான் எடுக்க வேண்டும். இதோ ஒன்று:

புளிக்காத கெட்டித் தயிர் 245 கிராம், பொடித்த சர்க்கரை 160 கிராம் இரண்டையும் கரையும் வரை அடியுங்கள். அதில் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்துக் கலக்கி 5 நிமிடம் விடுங்கள். பொங்கி நுரைத்து வரும். வாசனையில்லாத எண்ணெய் 120 மி.லி., ஒரு டீஸ்பூன் வெனிலா எசன்ஸ் ஊற்றுங்கள். 190 கிராம் மைதாவைச் சலித்து மூன்று தவணையாகப் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். 7 அங்குல டின், 175 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். நுரை வந்த பிறகு தாமதிக்காதீர்கள். ஓவன் அதற்குள் சூடாகியிருக்க வேண்டும். மாவு போட்டபின் தோசை மாவைக் கரைப்பது போல ஆட்டி ஆட்டிக் கலக்கினால் மாவிலுள்ள குளுட்டன் என்ற புரதம் இறுகி, வெட்டும்போது உள்ளே நீள நீளமாகப் பொந்து தெரியும்.

செல்ஃப் ரெய்சிங் மா இங்கே எப்போதும் கிடைப்பதில்லை. சாதாரண கோதுமை மாவில் என்ன சேர்க்கலாம்?
– வாசகி, யாழ்ப்பாணம்

செல்ஃப் ரெய்சிங் மா என்பது பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்து வரும் மாவு. ஆங்கிலேயப் புத்தகமென்றால் 150 கிராம் மாவுக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர். இரண்டு முறை அரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புத்தகமென்றால் 125 கிராமுக்கு ஒன்றரை டீஸ்பூனும் கால் டீஸ்பூன் உப்பும். செய்முறையில் தனியாகவும் பேக்கிங் பவுடர் கேட்டிருந்தால் அதையும் சேர்த்தே போடுங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம். இலங்கையில் கோதுமை மா என்றால் நம் மைதா. நம் கோதுமை மாவு அங்கே ஆட்டா மா. இலங்கைக் குறிப்பு ஒன்றைப் பார்த்து ஆட்டாவில் கேக் செய்துவிட்டுச் செங்கல் போல வந்தது என்று எழுதுபவர்கள் உண்டு.

பட்டர்மில்க், ஹெவி கிரீம், பிரவுன் சுகர். மூன்றுக்கும் நம் ஊரில் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

பட்டர்மில்க் என்பது நம் மோர் அல்ல. கெட்டியாகப் புளித்த பால் அது. முக்கால் கப் தயிரில் கால் கப் தண்ணீர் கலந்தால் சரியாக வரும். நீர்மோரை ஊற்றினால் கலவை தண்ணீராகிவிடும்.

ஹெவி கிரீமில் 36 சதவீதம் கொழுப்பு. கடையில் சிறு அட்டைப் பெட்டியில் வரும் ஃபிரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான். அதை எத்தனை மணி நேரம் அடித்தாலும் நுரைத்து நிற்காது. கை வலிதான் மிச்சம். சாக்லேட்டைச் சூடான கிரீமில் உருக்கிச் செய்யும் கனாஷுக்கு மட்டும் ஆகும், ஆனால் அளவைக் குறைக்க வேண்டும்: 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 100, மிஞ்சினால் 120 கிராம். அடிக்க வேண்டுமென்றால் பெட்டியில் கொழுப்பு 35 சதவீதத்துக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான்-டெய்ரி விப்பிங் கிரீம் நன்றாகவே நிற்கும். ஆனால் அதில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. புத்தகம் சொல்லும் சர்க்கரையை விட்டுவிடுங்கள்.

பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸ் என்ற கரும்புப் பாகு கலந்தது. நாட்டுச் சர்க்கரையைப் போட்டால் கேக் வரும், ஆனால் கருப்பட்டி மிட்டாய் வாசனையோடு வரும். இஞ்சி கேக்குக்கும் பேரீச்சம்பழ கேக்குக்கும் அது அழகு. சாக்லேட் சிப் குக்கிக்குப் பாதி நாட்டுச் சர்க்கரை, பாதி வெள்ளைச் சர்க்கரை. கட்டியை உடைத்துச் சலித்துப் போடுங்கள். மண் நெருடாமல் இருக்கும்.

சாக்லேட் கேக்கில் சோப்பு வாசனை. அளவுகள் எல்லாம் புத்தகப்படிதான்.
– வாசகி, புதுச்சேரி

உங்கள் கோகோ பெட்டியின் பொருள் பட்டியலைப் பாருங்கள். அமிலச் சீராக்கி 500 அல்லது 501 என்று இருந்தால், அது காரம் சேர்த்துப் பதப்படுத்திய டட்ச் கோகோ. நிறம் கருமை, சுவை மிருது. ஆனால் புளிப்பு போயிருக்கும். அமெரிக்கக் குறிப்புகள் பலவும் புளிப்புள்ள சாதாரண கோகோவை நம்பி சமையல் சோடா மட்டும் போடச் சொல்கின்றன. புளிப்பு இல்லாவிட்டால் சோடா வேலை முடியாமல் மிஞ்சி, சோப்பாகச் சுவைக்கும். அந்தக் கோகோவையே வைத்துக்கொள்வதானால் அரை டீஸ்பூன் சோடாவுக்குப் பதில் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள். அல்லது குறிப்பிலுள்ள ஒரு கப் பாலுக்குப் பதில் ஒரு கப் புளித்த தயிர். அரை டீஸ்பூன் சோடாவை அது தின்றுவிடும்.

ரொட்டிக்குப் பிசைந்த மாவு ஒன்றரை மணி நேரம் பொங்கட்டும் என்று இருந்தது. அதற்குள் வழிந்து, சாராய வாடை. சுட்டபின் தட்டையாக உட்கார்ந்துவிட்டது.
– வாசகர், தஞ்சாவூர்

கடிகாரத்தைப் பார்த்தீர்கள், மாவைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் 22, 24 டிகிரி அறைக்கான கணக்கு. 33 டிகிரியில் 35 முதல் 45 நிமிடத்தில் மாவு இரட்டிப்பாகிவிடும். தஞ்சாவூரில் இட்லி மாவு டிசம்பரில் ஒரு நேரத்திலும் மே மாதத்தில் ஒரு நேரத்திலும் பொங்குவது உங்களுக்குத் தெரியாததா? மாவு தொட்ட விரலால் ஓரத்தில் குத்துங்கள். பள்ளம் மெல்ல, பாதி மட்டும் நிமிர்ந்தால் பதம். உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நிமிராமல் காற்று இறங்கினால் மிஞ்சிவிட்டது. அழுத்திப் பிசைந்து மறுபடி உருட்டி, 20 நிமிடத்தில் ஓவனுக்குள் தள்ளிவிடுங்கள்.

வெயில் காலத்தில் ஈஸ்டைக் கால் பங்கு குறைத்து, ஃபிரிட்ஜ் தண்ணீரில் பிசையுங்கள். இன்னும் நல்லது, ஈஸ்டைப் பாதியாக்கி மூடிய பாத்திரத்தில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைப்பது, வாசனையும் கூடும். அமெரிக்கப் புத்தகத்தின் ‘ஒரு பாக்கெட்’ ஈஸ்ட் 7 கிராம், அதாவது இரண்டேகால் டீஸ்பூன். பச்சை ஈஸ்ட் கிடைத்தால் மூன்று மடங்கு, 21 கிராம்.

மாவும் வேறு. அவர்களின் பிரெட் மாவில் புரதம் 12, 13 சதவீதம்; நம் மைதாவில் 10 சதவீதத்தை ஒட்டித்தான். அதனால் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது, கையில் அப்பிக்கொள்ளும். 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீர் என்றால் 285இல் தொடங்கித் தேவைக்கு ஊற்றுங்கள். கேக் சாமான் கடையில் குளுட்டன் பொடி கிடைத்தால் 500 கிராம் மைதாவுக்கு 15 கிராம் கலந்துகொள்ளலாம்.

குக்கிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோசையாகிவிடுகின்றன.
– வாசகி, சேலம்

உருட்டிய உருண்டைகளைத் தட்டோடு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, சூடான ஓவனுக்குள் நேராக வையுங்கள். வெண்ணெய் உருகி ஓடுவதற்குள் ஓரம் வெந்துவிட வேண்டும். தட்டில் எண்ணெய் தடவாதீர்கள். இரண்டாம் ஈடுக்குத் தட்டை ஆறவிட்டுத்தான் உருண்டைகளை வைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு குக்கியைச் சுட்டுப் பாருங்கள். அதுவும் பரவினால் மீதி மாவில் இரண்டு டேபிள்ஸ்பூன் மைதா சேருங்கள். மெழுகு பூசிய தாளை ஓவனில் வைக்காதீர்கள். மெழுகு உருகிப் புகையும். பேக்கிங் தாள் என்று கேட்டு வாங்குங்கள்.

பாதியில் மின்சாரம் போனால்?
– வாசகர், விருதுநகர்

கதவைத் திறக்காதீர்கள். பாதி நேரம் கடந்து, ஓரம் இறுகியிருந்தால் 10 நிமிடத் தடையைக் கேக் தாங்கும். மின்சாரம் வந்தபின் போன நேரத்தோடு இன்னும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். முதல் 15 நிமிடத்துக்குள் போய்விட்டால் நடு அமுங்கும். அதைத் தடுக்க வழியில்லை. மின்சாரம் வந்ததும் முழுதாக வேகவைத்து, ஆறவிட்டு, அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, 150 டிகிரியில் பக்கத்துக்கு 12 நிமிடம் காயவிடுங்கள். டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்குமே, அந்தக் கேக் ரஸ்க் ஆகிவிடும்.